206 ஏக்கரும் 56,000 ஏக்கரும்

206 ஏக்கரைக் கொடுத்தால் 56,000 ஏக்கருக்கு மேல் கைக்கு வரும். இப்படி ஒரு பேரம் வந்தால் ரங்கூனின் இன்சீன் பஜாரில் கடை வைத்திருப்பவர் யாரும் இரண்டாம் முறை யோசிக்கமாட்டார். அலாஸ்காவில் அமெரிக்க அரசு யோசித்தது. ஐசம்பெக் வனவிலங்குப் புகலிடத்தின் ஒரு துண்டு நிலத்தைச் சாலை போட விட்டுக்கொடுத்து, பதிலுக்கு மாநில அரசும் கிங் கோவ் ஊரின் பூர்வகுடி நிறுவனமும் தரும் பெருநிலத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று 2009-இல் சட்டம் வழிவிட்டது. சூழல் பாதிப்பு ஆய்வு முடிந்தது. அங்கே அரசு நிலங்களைக் கவனிக்கும் துறையின் அமைச்சர் சாலி ஜூவல், 2013 டிசம்பரில் வேண்டாம் என்றார்.

காரணம் அந்த 206 ஏக்கர் இருந்த இடம். இரண்டு கடற்கழிகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலம் அது. கரடியும் கலைமானும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போக அதுதான் பாதை. அருகிலுள்ள ஐசம்பெக் கழியில் உலகின் மிகப் பெரிய கடற்புல் வெளிகளில் ஒன்று இருக்கிறது. பசிபிக் கரையோரக் கருநிறக் காட்டு வாத்துகள் ஏறக்குறைய மொத்தமும் இலையுதிர் காலத்தில் அங்கே இறங்கி, புல் மேய்ந்து கொழுப்புச் சேர்த்துக்கொண்டு மெக்சிகோ வரை பறக்கின்றன. பதிலுக்கு வந்த நிலம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இந்த வேலையைச் செய்யாது.

கிங் கோவ் மக்கள் பக்கமும் நியாயம் உண்டு. அவர்கள் ஊரில் சின்ன ஓடுதளம், காற்றும் மூடுபனியும் அதிகம். நோயாளியைக் கோல்ட் பேயில் உள்ள பெரிய விமான நிலையத்துக்குக் கொண்டுபோகச் சாலை கேட்கிறார்கள். அதனால் வழக்கு ஓயவில்லை. ஆட்சி மாறும்போதெல்லாம் முடிவும் மாறுகிறது.

நிலத்துக்கு நிலம் என்ற மாற்று அமெரிக்காவில் புதிதல்ல. அங்கே வேட்டைக்காரர்கள் வாங்கும் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உள்ள வரியை 1937-இல் ஒரு சட்டம் வனவிலங்குப் பணிக்கென்று ஒதுக்கியது. அந்தப் பணத்தில் மாநிலங்கள் நிலம் வாங்கி, விலங்குகளுக்கும் பொதுமக்கள் வேட்டைக்கும் திறந்துவிடுகின்றன. அப்படி வாங்கிய நிலத்தை வேறு காரியத்துக்குக் கொடுத்துவிட்டால், ஈடாக வரும் நிலம் இரண்டு தராசில் நிற்கவேண்டும். சந்தை விலையில் குறையக் கூடாது. விலங்குக்கும் மக்களுக்கும் தரும் பயனும் பழைய நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும். முதல் தராசு எளிது, மதிப்பீட்டாளர் ஒருவர் போதும். இரண்டாவதற்குத்தான் உயிரியலாளர் மழையிலும் வெயிலிலும் அலையவேண்டியிருக்கிறது. வேட்டைக்காரருக்கு நிலம் இருந்தால் மட்டும் ஆகாது. நாலு புறமும் தனியார் தோட்டம் சூழ்ந்திருந்தால், பொது நிலம் என்று பலகை மாட்டியும் உள்ளே போக வழியிருக்காது.

பரப்பு ஏன் ஏமாற்றும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் சதுரமான காடு 100 ஹெக்டேர். காற்றும் வெயிலும் நாயும் களையும் ஓரத்திலிருந்து 100 மீட்டர் உள்ளே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அமைதியான காடு 64 ஹெக்டேர் மிஞ்சும். அதே 100 ஹெக்டேரைப் பத்துக் கிலோமீட்டர் நீளம், 100 மீட்டர் அகலத்தில் ஒரு பட்டையாக நீட்டிப் பாருங்கள். நடுக்காடு என்று எதுவுமே இல்லை, முழுக்க ஓரம். பத்திரத்தில் மட்டும் இரண்டும் ஒன்று.

வடிவம் மட்டுமல்ல, காட்டின் வகையும் கணக்கில் வரும். நம் ஊர்ப்பக்கத்துத் தமின் மானை எடுத்துக்கொள்வோம். அதற்காகவே 1941-இல் மியன்மாவின் சகாயிங் பகுதியில் சாத்தின் சரணாலயம் ஒதுக்கப்பட்டது. இந்தைங் என்று பர்மியர் சொல்லும் வறண்ட இலையுதிர் காடு அதன் வீடு. கோடையில் தரைப்புல் எரிந்தபின் முளைக்கும் தளிர் அதற்குத் தீனி. எல்லைக் கோட்டுக்கு வெளியே வயலிலும் மேயும். பச்சைப் பசேலென்று எந்நாளும் இருக்கும் அடர்காடு ஆயிரம் ஏக்கர் தந்தாலும் தமினுக்கு அது வீடாகாது. அழகான காடு, தவறான காடு.

இன்னும் பக்கத்திலேயே ஓர் உதாரணம். மேற்கு ஜோகோனில், இன்சீனுக்குள்ளேயே, வனத்துறை வளாகம் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே தவுச்சான் போகும் வழியில் லாகா பூங்கா. 1982-இல் தொடங்கியது, ஏறத்தாழ 623 ஹெக்டேர். பள்ளிப் பிள்ளைகள் மான் பார்க்கப் போகும் இடம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அந்தக் காட்டுக்குப் பழைய வேலை ஒன்று உண்டு: 1904-இல் கட்டிய லாகா ஏரிக்கு மழைநீரைச் சேர்ப்பது. ரங்கூனுக்குக் குழாயில் வந்த தண்ணீரில் ஒரு பங்கு அந்த ஏரியுடையது. பேச்சுக்கு, லாகாவைக் கொடுத்துவிட்டுப் பேகு யோமா மலைகளில் மூன்று மடங்கு காடு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மானுக்கு அது லாபமாகக்கூட இருக்கலாம். ஆனால் யோமாவில் பெய்யும் மழை தானாக லாகா ஏரிக்கு ஓடி வராது. பள்ளிப் பிள்ளைகளும் ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாது. விலங்கை வண்டியில் ஏற்றலாம், நீர்ப்பிடிப்பை ஏற்ற முடியாது. மியன்மாவில் 2012 சூழல் சட்டமும் 2015 சூழல் ஆய்வு நடைமுறையும் பெரிய திட்டங்களுக்கு முன்னால் ஆய்வு கேட்பது இதற்காகத்தான். கேட்கும் கேள்வி எவ்வளவு கூர்மை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்தமான் கடலில் தெற்கே போனால் இதே கதை இந்தியக் கொடியின் கீழ். கிரேட் நிக்கோபாரின் கலத்தியா விரிகுடா, ஏழடி நீளம்கூட வளரும் பேராமைகள் முட்டையிடும் கடற்கரை. துறைமுகத் திட்டத்துக்காக அதன் சரணாலயத் தகுதி 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. பிறகு லிட்டில் நிக்கோபாரில் ஆமைக்கும், மென்சால் தீவில் மெகாபோட் பறவைக்கும், மெரோ தீவில் பவளப்பாறைக்கும் புதிய சரணாலயங்கள் அறிவித்தார்கள். வெட்டப்போகும் மழைக்காட்டுக்கு ஈடாக மரம் நட ஹரியானாவைக் காட்டினார்கள். ஹரியானாவில் கடலே இல்லை.

புதிய சரணாலயங்களை நான் வெறும் காகிதம் என்று தள்ளமாட்டேன். அந்தத் தீவுகளும் காப்புக்கு உரியவையே. ஆனால் காக்கவேண்டிய இன்னொரு இடத்தைக் காப்பது, இழந்த இடத்துக்கு ஈடாகாது. 2004 நிலநடுக்கத்தில் கிரேட் நிக்கோபாரின் தென்முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, சுனாமியில் ஆமைகளின் மணற்கரைகள் அடித்துச் செல்லப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் கடல் மறுபடி மணல் கொண்டுவந்து போட, ஆமைகளும் அதே விரிகுடாவுக்கு முட்டையிட வந்தன.