கறுப்புத் தூள் கற்றுத்தந்த பாடம்

கண்டியில் எம்மவர் வியாபாரம் என்றால் புடவை, நகை, ஹார்ட்வெயார் என்றே பலரும் நினைப்பர். நான் செய்வது ஆய்வுகூடப் பொருட்கள் விநியோகம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், மிருகவைத்தியம், விவசாயம், விஞ்ஞானம் எனப் பல பீடங்கள் இருப்பதால் இத்தொழிலுக்கு இங்கு நல்ல இடமுண்டு.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வாளருக்காகக் காந்த மணிகள் கொண்ட சிறு போத்தல் ஒன்றை வரவழைத்தேன். பார்வைக்குக் கறுப்பு மை கலந்த தண்ணீர்தான். விலையோ மிக அதிகம். மாலையில் சரக்கு வந்தது. குளிர் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்றெண்ணி இறைச்சி, மீனை வைப்பதுபோல பிரீஸரில் வைத்துவிட்டேன்.

மறுநாள் கொடுக்கும்போது நடந்ததைச் சொன்னேன். அந்தச் சகோதரி திடுக்கிட்டார்.

"நாநா, 2 முதல் 8 பாகை செல்சியஸ் என்று லேபலில் போட்டிருக்கிறதே, பார்க்கவில்லையா?"

பின்னர் தன்னிடமிருந்த வேறொரு போத்தலைக் கொண்டு செய்து காட்டினார். ஒவ்வொரு மணியும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு அளவே. உள்ளே இரும்பு ஒட்சைட்டு. மேற்பரப்பில் குறித்த புரதத்தை மட்டும் பிடிக்கும் பொருள். சீரத்தோடு கலந்து சற்றுநேரம் வைத்தார். குழாயின் அருகே காந்தத்தைப் பிடித்ததும் கறுப்புத் தூள் சுவரில் ஒட்டியது. மிகுதியை ஊற்றிவிட்டு மணிகளைக் கழுவினார். பிறகு அமிலக் கரைசலைச் சேர்த்ததும், மணிகள் பிடித்திருந்த பிறபொருளெதிரி என்ற புரதம் கழன்று வந்தது. காந்தத்தை எடுத்தால் மணிகளில் காந்தத்தன்மை தங்காது. எனவே அவை மீண்டும் இலகுவாகக் கலந்துவிடும்.

உறைந்த மணிகளோ வெடிக்கலாம், திரளலாம். கண்ணுக்குத் தெரியாது. புரதம் குறைந்தால் பழி ஆய்வு செய்யும் மாணவன் மீதுதான் விழும். பல வாரங்கள் வீணாகும்.

நான் வாய்திறக்காமல் விற்றிருந்தால்? நட்டத்தை ஏற்றுப் புதிய போத்தல் எடுத்துக் கொடுத்தேன். அவ்வருடத்தில் எனக்கு அது சிறிய தொகையல்ல. ஆனால் அந்தச் சகோதரி இன்றும் என்னிடமே வாங்குகிறார்.

இம்மணிகளின் கதையும் பல்கலைக்கழகத்தில் ஆரம்பமானதுதான். நோர்வேப் பேராசிரியர் ஜோன் உகல்ஸ்டாட் 1970களில் ஒரே அளவான நுண்மணிகளைச் செய்யும் வழியைக் கண்டார். அதனை அடிப்படையாகக் கொண்டு 1986இல் டைனல் கம்பனி உருவானது. 2005இல் அமெரிக்காவின் இன்விட்ரோஜன் அதனை வாங்கியது. அறிவே அங்கு முதலாக அமைந்தது.

விஞ்ஞானம் படித்துவிட்டுத் தொழில் தேடும் எமது இளைஞர்களுக்கு இத்துறையில் வாய்ப்புண்டு. அவர்களுக்கு என் அனுபவத்தில் மூன்று விடயங்கள்: ஓடர் இல்லாமல் இருப்பு வைக்காதீர்கள், காலாவதித் திகதியையும் குளிர்நிலையையும் முதலில் பாருங்கள், பொருளில் குறையிருந்தால் மறைக்காதீர்கள். சரக்கை அறியாதவன் கையில் முதல் நிற்காது.