கொடுப்பவரும் கேட்பவரும் ஒருவரே!

ஓய்வுகாலப் பணம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஈ.பி.எப். எனும் ஊழியர் சேமநிதிதான். சுங்கை சிப்புட், பாகான் டத்தோ வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கும், பின்னர் செம்பனைக் குலை வெட்டியவர்களுக்கும் சம்பளத்தில் பிடித்த காசு அங்குதான் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஈப்போவில் ஆசிரியராகவோ மருத்துவமனை ஊழியராகவோ அரசாங்க வேலை பார்த்தவர்களின் பென்ஷன் சுமைக்குக் கைகொடுப்பதற்கென இன்னொரு நிதி இருக்கிறது. குவாப் எனப்படும் ஓய்வூதிய நிதி அது. 2007 மார்ச் முதல் தேதி, தனிச் சட்டத்தின் கீழ் அது தொடங்கப்பட்டது.

இந்தக் குவாப்பில் நடந்ததை நாம் ஒரு முன்னாள் பிரதமரின் வழக்காக மட்டுமே பேசி முடித்துவிட்டோம். பணம் எப்படி வெளியே போனது என்பதுதான் நமக்கு முக்கியம்.

2011 ஜனவரியில் எஸ்.ஆர்.சி. இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் பிறந்தது. அப்போது அது 1எம்.டி.பி.யின் துணை நிறுவனம். அதே ஆண்டு ஜூன் மாதம் அது குவாப்பிடம் கேட்ட கடன் 395 கோடி ரிங்கிட்! பிறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. காட்டுவதற்கு வரவு செலவுக் கணக்கும் இல்லை. நம் வீட்டுப் பிள்ளை மோட்டார் சைக்கிள் கடனுக்குப் போனால் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்கிறார்களா இல்லையா?

குவாப் அதிகாரிகளும் தயங்கத்தான் செய்தார்கள். 100 கோடி கொடுக்கலாம் என்றுதான் பரிந்துரைத்தார்கள். ஆனால் 395 கோடிக்கு இசைவு தெரிவித்து அப்போதைய பிரதமர் நஜிப் துன் ரசாக் விண்ணப்பக் கடிதத்தில் குறிப்பு எழுதியிருந்தது நீதிமன்றத்தில் வெளியானது. முடிவில் 200 கோடி கொடுக்கப்பட்டது. 2012 மார்ச்சில் இன்னுமொரு 200 கோடி. இரண்டுக்கும் அரசாங்க உத்தரவாதம்.

இந்த உத்தரவாதம்தான் எல்லார் கண்ணையும் கட்டிவிட்டது. 'அரசாங்கமே பொறுப்பேற்கிறதே, பிறகென்ன பயம்?' என்ற நினைப்பு வந்துவிட்டால் வாங்குபவரின் யோக்கியதையை யார் பார்ப்பார்கள்?

இப்போது கணக்குப் பாருங்கள். கடன் கொடுத்த குவாப் நிதியமைச்சின் கீழ் இருக்கிறது. கடன் வாங்கிய எஸ்.ஆர்.சி. 2012-இல் நேரடியாகவே நிதியமைச்சுக்குச் சொந்தமானது. உத்தரவாதம் கொடுத்ததும் அதே அமைச்சு. நிதியமைச்சரும் பிரதமரும் ஒருவரே. போதாததற்கு அவரே எஸ்.ஆர்.சி.யின் மதியுரைஞர். வேண்டாம் என்று சொல்ல அந்த மேசையில் யார் இருந்தார்?

பணத்தின் பெரும்பகுதி வெளிநாட்டு வங்கிகளுக்குப் போய், சுவிட்சர்லாந்தில் முடக்கப்பட்டது. 4 கோடியே 20 லட்சம் ரிங்கிட் நஜிப்பின் சொந்தக் கணக்குக்கு வந்தது. 2020 ஜூலை 28-இல் உயர்நீதிமன்றம் அவருக்கு 12 ஆண்டு சிறையும் 21 கோடி ரிங்கிட் அபராதமும் விதித்தது. 2022 ஆகஸ்டு 23-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. 2024-இல் மன்னிப்பு வாரியம் சிறையை ஆறாண்டாகவும் அபராதத்தை 5 கோடியாகவும் குறைத்தது. கடனை அடைக்கும் பாரம் அரசாங்கத்தின் தலையில், அதாவது வரி கட்டும் நம் தலையில் விழுந்தது.

'அது குவாப் கதை, நம் சேமநிதிக்கு என்ன?' என்று கேட்கலாம். சேமநிதிச் சட்டம் ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு லாப ஈவுக்கு உறுதி தருகிறது. அதைவிட அதிகமாகவே கொடுத்தும் வருகிறார்கள், மறுக்கவில்லை. 2024-க்கு 6.3 விழுக்காடு கிடைத்தது. வாரியத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் பணத்தை எங்கே போடுவது என்று முடிவு செய்வது தனியான முதலீட்டுக் குழு. அந்தக் குழுவை நியமிப்பவர் நிதியமைச்சர்.

2001-இல் டைம் டாட்காம் நிறுவனம் ஒரு பங்கு 3 ரிங்கிட் 30 காசுக்கு விற்பனைக்கு வந்தபோது பொதுமக்கள் சீண்டவில்லை. சேமநிதியும் அரசு ஓய்வூதிய நிதியும் வாங்கின. பங்குச் சந்தையில் ஏறிய முதல் நாளே விலை சரிந்தது. பொதுமக்கள் வேண்டாமென்ற பங்கைப் பொதுமக்கள் பணத்திலேயே வாங்கியது என்ன கணக்கோ!

தலைமைக் கணக்காய்வாளர் இருக்கிறாரே என்பார்கள். இருக்கிறார். ஆனால் அவர் பார்ப்பது பணம் போன பிறகு. நிதியமைச்சுக்குச் சொந்தமான நிறுவனம் எதற்கும் ஓய்வுகால நிதியிலிருந்து கடன் போகுமுன், அந்த விவரம் நாடாளுமன்றக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். முதலீட்டுக் குழுவிலும் தொழிலாளர் தரப்பில் ஒருவர் வேண்டும். பிரதமரும் நிதியமைச்சரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற பேச்சு 2018-இல் பலமாக எழுந்தது, பிரித்தும் வைத்தார்கள். 2022 டிசம்பரில் இரண்டும் மறுபடி ஒருவரிடமே சேர்ந்தன. நபர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே இல்லை.

சேமநிதியில் மூன்றாவது கணக்கு வந்த 2024 மே மாதம், எவ்வளவு எடுக்கலாம் என்று வரிசை பிடித்து நின்றோம். மீதிப் பணம் யாரிடம் கடனாகப் போயிருக்கிறது என்று அந்த வரிசையில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?