முடக்கில் நடப்பட்ட பலகைகள்

ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் ஏ-7 வீதியில், டெவோன், சென் கிளயர் நீர்வீழ்ச்சிகள் தெரியும் பக்கமாக ஒரு விடுமுறை நாளில் நின்று பாருங்கள். தேநீர்க் கடையின் பலகை கண்ணில் பட்டதும் முன்னால் போகும் வேன் சட்டென்று பிரேக் பிடிக்கிறது. பின்னால் கொழுந்து லொறி வருவதைச் சாரதி கவனிப்பதில்லை. வேன் பாதி வீதியை அடைத்து நிற்க, தோட்டத்துப் பிள்ளைகள் அதைச் சுற்றி நடுவீதியில் இறங்கிப் போகிறார்கள்.

லபுக்கலையில் மெக்வூட்ஸ் என்ற தேயிலை நிறுவனத்தின் பெயர் தேயிலைச் சரிவிலேயே வெள்ளை எழுத்துகளாக நின்ற காலம் உண்டு. படமெடுக்கவே பலர் வண்டியை நிறுத்தினார்கள். அங்கே வண்டி விட இடமிருந்தது. வியாபாரத்துக்கு ஆள் கூப்பிடுவது குற்றமில்லை. ஒதுங்க இடமே இல்லாத முடக்கில் பலகை நட்டுக் கூப்பிடுவதுதான் உயிருக்கு உலை வைக்கிறது. பனிமூட்டம் இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இறக்கத்தில் நிற்க வேண்டிய காரணம் வேறு. பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். சிறிய கியரில் இறங்க வேண்டும், கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். வெளியூர்ச் சாரதிக்கு இதைச் சொல்ல வீதிப் பலகையை விட்டால் வேறு துணை இல்லை. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியின் இறக்கத்தில், கொழும்பிலிருந்து வந்த பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒரு வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியது. இறந்த 7 பேரும் பஸ்ஸில் வந்தவர்கள் அல்லர். அந்த வேனிலும் முச்சக்கர வண்டியிலும் இருந்தவர்கள். அப்படிப்பட்ட இறக்கங்களில் எச்சரிக்கைப் பலகை கடைப் பலகைகளுக்கு நடுவே தொலைந்துபோகக் கூடாது.

அந்த எச்சரிக்கை தமிழிலும் இருக்க வேண்டும் என்பது நம் உரிமை. அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழி. தமிழ் விடுபட்டிருந்தாலும், எழுத்துப் பிழையோடு இருந்தாலும், அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அதற்காகவே அந்த ஆணைக்குழுவை அமைத்தது.

பார்வையை மறைக்கும் விளம்பரம் பிரதான வீதியில் இருந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், உள்வீதியில் என்றால் பிரதேச சபையிடமும் முறையிடுங்கள். பலகையில் ஒன்றைச் சொல்லிக் கடையில் வேறொன்றை விற்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அது நுகர்வோரை ஏமாற்றுவது, நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். சில இடங்களில் வண்டியை நிறுத்தினால் சாரதிக்கு இலவசச் சாப்பாடும் கமிஷனும் கிடைக்கும். வாடகை வேனில் போகிறவர்கள் இடம் சரியில்லை என்று கண்டால், "இங்கே வேண்டாம் அண்ணே, முன்னால் அகலமான இடத்தில் நிறுத்துங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

முறைப்பாட்டை வாய்மொழியாக மட்டும் விடாதீர்கள். பகலில் ஒரு படம், பனியில் ஒரு படம், பக்கத்துக் கிலோமீற்றர் கல்லின் இலக்கம் மூன்றையும் கடிதத்தோடு இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால், அந்தப் பலகைக்கு யார் அனுமதி கொடுத்தது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே அலுவலகத்திடம் கேட்கலாம்.