சாம்பல் காட்டிய வழி

2010 ஏப்ரலில் ஐரோப்பிய விமான நிலையங்களில் தரையில் படுத்துத் தூங்கிய பயணிகளில் பெரும்பாலோர், அதுவரை ஐஸ்லாந்தைப் பற்றி யோசித்தே இருக்கமாட்டார்கள். அந்த மாதம் 14ஆம் தேதி, தீவின் தெற்கே எயாஃபியாட்லயோகுல் என்னும் பனிப்பாளத்துக்கு அடியில் எரிமலை வெடித்தது. உருகிய பனிநீர் பட்டதும் எரிமலைக் குழம்பு நுண்ணிய துகள்களாக நொறுங்கி வானில் ஏறியது. காற்று அந்தச் சாம்பலை ஐரோப்பாவை நோக்கித் தள்ளியது. ஒரு வாரத்தில் சுமார் ஒரு லட்சம் விமானப் பயணங்கள் ரத்தாயின.

கோடைச் சுற்றுலா அடியோடு போய்விடும் என்று ஐஸ்லாந்துக்காரர்கள் பயந்தார்கள். அரசும் சுற்றுலாத் துறையினரும் சேர்ந்து ஜூன் மாதத்திலேயே ஒரு பிரசாரத்தைத் தொடங்கினார்கள். ‘உங்கள் ஊரைப் பற்றி வெளிநாட்டு நண்பர்களிடம் நீங்களே சொல்லுங்கள்’ என்று குடிமக்களைக் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஆண்டு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 4.9 லட்சம். 2018இல் அது 23 லட்சத்தைத் தொட்டது. நாட்டின் மக்கள்தொகையோ அப்போது மூன்றரை லட்சம்தான்.

எரிமலைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பார்கள். அது பாதிக் கதை என்பது என் எண்ணம். எரிமலை ஊரின் பெயரை உலகத்துக்குச் சொன்னது; கதவைத் திறந்துவிட்டது அதற்கு முன்பே வந்த ஒரு பேரிடி. 2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் சில நாள் இடைவெளியில் வரிசையாக விழுந்தன. நாட்டின் நாணயமான கிரோனாவின் மதிப்பு ஏறக்குறைய பாதியானது. வெளிநாட்டு நாணயக் கணக்கில் வீட்டுக்கடன் வாங்கியிருந்த குடும்பங்களுக்குக் கடன் ஏறக்குறைய இரட்டித்தது. அதே சரிவு, ஐரோப்பாவிலேயே விலை அதிகம் என்று பெயரெடுத்த தலைநகர் ரெய்க்யவிக்கைப் பயணிகளின் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தது. அங்குள்ளவர்கள் பட்ட கஷ்டத்தில்தான் வெளியூர்க்காரர்களுக்கு மலிவு விடுமுறை கிடைத்தது. இதைச் சொல்லாமல் ஐஸ்லாந்தின் வெற்றிக் கதையைச் சொல்வது நியாயமில்லை.

தொலைவும் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. வரைபடத்தில் உச்சியில் ஒதுங்கிக் கிடக்கும் இந்தத் தீவு, வான்வழியில் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் நடுவே இருக்கிறது. லண்டனிலிருந்து மூன்று மணி நேரம். நியூயார்க்கிலிருந்து ஐந்தரை, ஆறு மணி நேரம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் கட்டிய கெப்லாவிக் விமானத்தளம்தான் இன்றைய சர்வதேச விமான நிலையம். அட்லாண்டிக்கைக் கடப்பவர்கள் கூடுதல் விமானக் கட்டணம் இல்லாமல் இங்கே சில நாள் இறங்கிப் போகலாம் என்ற சலுகை 1960களிலேயே உண்டு. 2012இல் வாவ் ஏர் என்ற உள்நாட்டு விமான நிறுவனம் மலிவுக் கட்டணத்தில் பறக்கத் தொடங்கியது. 2019 மார்ச்சில் அது மூடப்பட்டபோது, பயணிகள் வரத்து அந்த ஆண்டே சரிந்தது. கூட்டத்தைக் கூட்டியதில் டிக்கெட் விலைக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு இது போதும்.

வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் புண்ணியத்தில், ஜனவரியில்கூட ரெய்க்யவிக்கின் சராசரி வெப்பநிலை பூஜ்யம் டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அதனால் துருவ ஒளியைக் காட்டி, ஆளில்லாத குளிர்காலத்தையும் சீசனாக்க முடிந்தது. சினிமாவும் கைகொடுத்தது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’, ‘இன்டர்ஸ்டெல்லர்’ எல்லாம் இங்கே படமானவை. ‘தில்வாலே’ இந்திப் படத்தின் ‘கெருவா’ பாட்டில் ஷாருக்கானும் கஜோலும் ஆடிப்பாடும் கருமணல் வெளி இந்தத் தீவுடையது.

இந்த ஊரின் கெட்டிக்காரத்தனத்துக்கு உதாரணமாக ப்ளூ லகூனைச் சொல்வேன். பால்நீல நிறத்தில் ஆவி பறக்கும் அந்தக் குளத்தை இயற்கை ஊற்று என்றே பலர் நினைக்கிறார்கள். 1976இல் அருகே அமைந்த புவிவெப்ப மின்நிலையம் வெளியேற்றிய நீர் அது. கறுத்த எரிமலைப் பாறை இடுக்குகளில் அது வடிந்துவிடும் என்று நினைத்தார்கள். நீரிலிருந்த சிலிக்கா இடுக்குகளை அடைத்துக்கொள்ள, தண்ணீர் தேங்கிவிட்டது. 1981இல் சோரியாசிஸ் நோயாளி ஒருவர் அதில் குளித்துப் பார்த்தார். தோலுக்கு இதமாக இருக்கிறது என்றார். இன்று முன்பதிவு செய்துதான் இறங்க முடியும்.

கூட்டம் வந்தால் சேதமும் வரும். 2015இல் பாடகர் ஜஸ்டின் பீபர் ஒரு பாடல் காணொளியில் ஃபியாத்ரார்கிளூஃபூர் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஓடியாடினார். பின்னாலேயே வந்த ரசிகர்கள் பாதையை விட்டு விலகிப் பாசிமேல் நடந்தார்கள். எரிமலைப் பாறைமேல் மெத்தையாகப் படர்ந்திருக்கும் அந்தப் பாசி மிக மெதுவாக வளர்வது. ஒருமுறை செருப்புக்காலில் கிழிந்தால் மூடிக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆகும். 2019இல் பள்ளத்தாக்கை மாதக்கணக்கில் மூடவேண்டி வந்தது. ரெய்க்யவிக்கில் வீடுகள் பயணியர் விடுதிகளாக மாறி, உள்ளூர்க்காரர்களுக்கு வாடகை எட்டாமல் போனது. சொந்த வீட்டை ஆண்டுக்கு 90 நாளுக்குமேல் இப்படி விடக்கூடாது என்று 2017இல் வரம்பு வந்தது.

என் மனதை அதிகம் தொடுவது மீட்புப் படையினர்தான். புயலில் மாட்டிய காரையோ, பனிமலையில் வழிதவறியவரையோ தேடிப் போகும் லாண்ட்ஸ்பியோர்க் அமைப்பினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அலுவலகத்திலிருந்தும் பட்டறையிலிருந்தும் பாதி வேலையில் எழுந்து போகிறவர்கள். புத்தாண்டுக்குப் பட்டாசு விற்று வரும் பணம் அவர்களுடைய முக்கிய வருமானம். மீட்கப்பட்ட பயணியிடம் பொதுவாகக் கட்டணம் கேட்பதில்லை.

ஐஸ்லாந்துக்கு டிக்கெட் எடுத்திருப்பவர்கள் அந்த அமைப்பு நடத்தும் சேஃப்டிராவல் இணையதளத்தில் தங்கள் பயணத் திட்டத்தைப் பதிந்துவிட்டுப் போகலாம், செலவில்லை. சாலை மூடியிருக்கிறது என்று பலகை சொன்னால் திரும்பிவிடுங்கள். ரேனிஸ்ஃபியாரா கடற்கரையில் படம் எடுப்பதற்காகக் கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். எதிர்பாராமல் ஏறிவரும் அலை அங்கே பல பயணிகளின் உயிரைக் குடித்திருக்கிறது.