ஊர்க் களஞ்சியம்

மாதக் கடைசியில் அரிசி தீர்ந்துவிட்டால் பக்கத்து வீட்டில் ஒரு படி கைமாற்று வாங்குவதும், சம்பளம் வந்ததும் திருப்பி அளப்பதும், வேற்று மாநிலத்தில் குடியிருக்கும் நம்மவர்க்குப் பழகிய வழக்கமே. இவ்வெளிய வழக்கம் ஓர் ஊர் முழுவதற்கும் உரிய ஏற்பாடாக வளரக்கூடும் என்பதைத் தெலங்கானாவின் ஜஹீராபாத் வட்டாரத்துச் சிற்றூர்கள் காட்டியுள்ளன.

அங்கே நிலம் வளங்குன்றியது. பயிர் மழையையே நம்பியது. நெடுங்காலமாகச் சோளமே மக்களின் உணவு. நியாய விலைக் கடையில் மலிவான அரிசி கிடைக்கத் தொடங்கியபின் சோளம் விதைப்போர் குறைந்தனர். நிலங்கள் பல தரிசாயின. களையெடுப்பும் அறுவடையும் அற்ற ஊரில் ஏழைப் பெண்களுக்குக் கூலி ஏது? கால்நடைக்குச் சோளத் தட்டை ஏது? கடை அரிசியோ மாதம் முழுவதற்கும் போதவில்லை.

1983-இல் தோன்றிய தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் துணையோடு, பெரும்பாலும் தலித் வகுப்பினரான மாதர் ஊர்தோறும் சங்கம் அமைத்தனர். 1990-களில் அவர்கள் மேற்கொண்ட முறை பின்வருமாறு: தரிசு நிலமுடைய சிறு உழவர்க்கு, உழவு, எரு, விதைப்பு ஆகியவற்றுக்கு முன்பணம் தரப்பட்டது. அதனை அவர் பணமாக அன்றி, சோளமாகவே சில ஆண்டுகளில் தவணை முறையில் திருப்ப வேண்டும். அத்தானியம் அவ்வூரிலேயே சேமிக்கப்பட்டது. பழைய தானியம் தீர்ந்து புது விளைச்சல் வீடு சேராத மழைக்கால மாதங்களில், சந்தை விலையினும் குறைவாக அது வறியோர்க்கு அளக்கப்பட்டது. விற்ற பணம் மீண்டும் சாகுபடிக்கே முதலாயிற்று.

வறியோர் யாவர் என்பதை முடிவு செய்தவர் யார்? ஊராரே கூடி வீடுவீடாக எண்ணிப் பார்த்து முடிவு செய்தனர். எந்த அடுப்பு எரியவில்லை என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியாததன்று அல்லவா? 2019-இல் இச்சங்கத்துக்கு ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு கிட்டியது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. மழை பொய்த்தாலும் கடன் திரும்பாவிடினும் களஞ்சியம் வெறுமையாகும். ஆகவே, அரசாங்கத்தின் பொறுப்பை இது நீக்கிவிடாது. எனினும் இதன் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. தரிசு திருந்தியதால் கூலியும் கிடைத்தது, தானியமும் கிடைத்தது. இன்று முறத்தை ஏந்தி நிற்பவள் அந்நிலத்தில் களையெடுத்தவள். நாளை படியைக் கையிலெடுத்து அளப்பவளும் அவளாக இருக்கலாம். பிச்சை என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.