கம்பிகளுக்கு நடுவே தெரியும் சாலை

திரையில் ஒரு தெருவின் படம். ஓரத்தில் ஒரு சைக்கிள் நிற்கிறது. அதை மட்டும் பிரஷ்ஷால் தீட்டித் தர வேண்டும், அவ்வளவுதான் வேலை. மவுஸை அழுத்தி இழுத்தால் போகிற இடமெல்லாம் மெல்லிய நிறம் படியும். அந்த நிறப் பூச்சுக்கு 'மாஸ்க்' என்று பெயர். ஹேண்டில்பார், சீட், மட்கார்டு வரை கை தயங்காமல் போகும். சக்கரத்துக்கு வந்ததும் நின்றுவிடும். ஸ்போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே தார்ச்சாலை தெரிகிறதே, அந்த இடம் சைக்கிளா, சாலையா? மாஸ்க்கில் பாதிக்குப் பாதி என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் 1 அல்லது 0. பெரும்பாலும் ஜெர்மானிய நகரங்களில் எடுத்த தெருப் படங்களோடு 2016-இல் வெளியான 'சிட்டிஸ்கேப்ஸ்' தொகுப்பு இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது: முன்னால் நிற்கும் பொருளில் ஓட்டை விடக்கூடாது. கார் கண்ணாடி வழியே எது தெரிந்தாலும் அது கார். இலை இடுக்கில் தெரியும் வானம் மரம். கம்பிகளுக்கு நடுவே தெரியும் சாலையும், ஆகவே, சைக்கிள்தான். கண் பார்த்தது ஒன்று, கை எழுதியது வேறு; இருந்தும் அது பிழையில்லை, விதிப்படி சரி.

செயற்கை நுண்ணறிவுக்குப் படத்தில் பொருள்களை அடையாளம் காணக் கற்றுத்தருவதற்கான இந்தத் தீட்டும் வேலையைச் சின்னப்பிள்ளைகள் வண்ணப்புத்தகம் தீட்டுவதுபோல நினைப்பவர்கள் அதிகம். கோட்டுக்குள் நிறம் போனால் போதும் என்பது அவர்கள் எண்ணம். வண்ணப்புத்தகத்தில் கோட்டை வேறொருவர் முன்கூட்டியே போட்டுவைத்திருக்கிறார். இங்கே கோடே கிடையாது. தீட்டுபவர்தான் அதைப் போடுகிறார். பொருளைச் சுற்றி ஒரு பெட்டி போடுவது சில நொடி வேலை. கட்டடம், கார் போன்ற நேர்விளிம்புப் பொருள்களுக்குப் புள்ளிகளைக் கோத்துப் பலகோணம் வரையலாம். முடி, புகை, செடிகொடி, உடலுக்குள் இருக்கும் கட்டி என்று விளிம்பு கலைந்து கிடப்பவற்றுக்குத்தான் பிரஷ்ஷும் ரப்பரும் தேவைப்படுகின்றன. எதைத் தனித்தனியே தீட்டுவது என்பதற்கும் விதி வேண்டும்: மைக்ரோசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட 'கோகோ' தொகுப்பில், ஒரே படத்தில் ஒரே வகைப் பொருள் பத்துப் பதினைந்தைத் தாண்டினால், மிச்சத்தைக் 'கூட்டம்' என்று மொத்தமாகத் தீட்டச் சொன்னார்கள். நேரமும் கொஞ்சநஞ்சம் ஆகவில்லை: கோகோவில் 1,000 உருவங்களைப் பிரித்தெடுக்க 22 மணி நேரம். சிட்டிஸ்கேப்ஸில் நுணுக்கமாக வரைந்த 5,000 படங்களில் ஒன்றுக்குச் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். அந்த நேரத்தில் பெரும்பங்கு கை அசைவுக்குப் போனது அல்ல, 'இது எதில் சேரும்' என்ற யோசனைக்குப் போனது என்பது என் கணிப்பு.

தெருவில் நிற்கும் சைக்கிளுக்கே இந்தப் பாடு என்றால், நுரையீரல் சிடி ஸ்கேனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் உருவான 'எல்ஐடிசி' தொகுப்பில் 1,018 ஸ்கேன்களை, ஒவ்வொன்றையும் நான்கு கதிரியக்க மருத்துவர்கள், தனித்தனியே பார்த்தார்கள். பிறகு மற்ற மூவரின் குறிகளையும் பெயரில்லாமல் காட்டி, மறுபடி பார்க்கச் சொன்னார்கள். இதற்குப் பின்னும், 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள கட்டி என்று ஒருவராவது குறித்த 2,669 இடங்களில், நால்வரும் ஒத்துக்கொண்டவை 928தான். மூளைக்கட்டிகளுக்கான 'பிராட்ஸ்' தொகுப்பிலும், கட்டியின் உட்பகுதிகளை வல்லுநர்கள் வரைந்தபோது ஒருவர் வரைந்ததும் இன்னொருவர் வரைந்ததும் 74 முதல் 85 சதவீதம் அளவுக்கே பொருந்தின. யாரும் அசட்டையாக இருந்ததால் வந்த வித்தியாசம் இல்லை இது. எம்ஆர்ஐ படத்தில் கட்டி ஒரு கோட்டில் முடிவதில்லை. மெல்ல மெல்ல மங்கி நல்ல திசுவோடு கலக்கிறது. எங்கே நிறுத்துவது என்பது தீர்ப்பு. இயந்திரம் கற்பது கட்டியை என்கிறோம்; உண்மையில் அது கற்பது அந்தத் தீர்ப்புகளை.

லட்சக்கணக்கான படங்களில் இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் வேறுபாடு தானே சமனாகிவிடாதா என்று கேட்கலாம். ஒருவர் உள்ளே தள்ளியும் இன்னொருவர் வெளியே தள்ளியும் தீட்டினால் சமனாகும். ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால்? 100-க்கு 100 பிக்சல் சதுரத்தில் சுற்றிலும் ஒரு பிக்சல் உள்ளே தள்ளித் தீட்டினால் 96 சதவீதம் கையில் மிஞ்சும். அதே ஒரு பிக்சல் 10-க்கு 10 சதுரத்தில் விடுபட்டால் மிஞ்சுவது 64தான். தூரத்தில் வரும் மனிதரும் தொடக்கநிலைக் கட்டியும் அந்தச் சின்னச் சதுரங்கள்தாம். விளிம்பையும் தாண்டி, பெயரிலும் சாய்வு உண்டு. சிட்டிஸ்கேப்ஸின் வகைப் பட்டியலில் ஆட்டோ இல்லை. ஹைதராபாத், பெங்களூர்ச் சாலைகளில் எடுத்த 'ஐடிடி' தொகுப்பு ஆட்டோவுக்குத் தனி வகை தந்தது. தாருக்குப் பக்கத்தில், வண்டி இறங்கி ஓடக்கூடிய மண் ஓரத்துக்கும் தனிப் பெயர் வைத்தது. நம் ஊரில் சாலை எங்கே முடிகிறது என்பதே கொஞ்சம் வழக்காடக்கூடிய விஷயம்தானே!

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. இப்போது இயந்திரமே மாஸ்க் போடுகிறது, பிரஷ்ஷுக்கு இனி என்ன வேலை? மெட்டா நிறுவனம் 2023-இல் வெளியிட்ட 'சாம்' என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியோடு வந்த தொகுப்பில் 1.1 கோடி படங்கள், 110 கோடி மாஸ்க்குகள், அவற்றில் 99.1 சதவீதம் தானியங்கியாக உருவானவை. அசர வைக்கும் கணக்குத்தான். ஆனால் அந்த மாதிரியை வளர்த்த முதல் கட்டத்தில், இயந்திரம் காட்டிய மாஸ்க்கைப் பிரஷ்ஷும் ரப்பரும் வைத்து மனிதர்களே திருத்தினார்கள். மாதிரி தேறத் தேற, ஒரு மாஸ்க்குக்கு ஆன நேரம் 34 நொடியிலிருந்து 14 நொடியாகக் குறைந்தது. கை வேகம் இயந்திரத்துக்குப் போனது, சரி. தீர்ப்பு போகவில்லை. அந்த 110 கோடியில் எதற்கும் பெயர் கிடையாது. சட்டைப் பொத்தானின் மேல் ஒரு புள்ளி வைத்தால் பொத்தானா, சட்டையா, ஆளா என்று தெரியாமல் மூன்று மாஸ்க்குகளை நீட்டுவதுபோலத்தான் சாமை வடிவமைத்திருக்கிறார்கள். எது வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை ஒரு மருத்துவக் கருவிக்கோ தானோட்டிக் காருக்கோ 'இத்தனை சதவீதம் துல்லியம்' என்று விளம்பரம் வந்தால், ஒரே படத்தை எத்தனை பேர் தீட்டினார்கள், எவ்வளவு தூரம் ஒத்துப்போனார்கள், ஒத்துப்போகாததை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பல இடங்களில் அதைச் சராசரியாக்கி அழித்துவிடுகிறார்கள். எல்ஐடிசியில் அப்படிச் செய்யவில்லை. கருத்தொற்றுமைக்கு யாரையும் வற்புறுத்தவில்லை. நான்கு மருத்துவர்களின் குறிகளும் அந்தக் கோப்புகளில் இன்றும் தனித்தனியாகவே இருக்கின்றன.