மது, புகையிலைப் பழக்கம்: மருத்துவர் ஏன் கேட்கிறார்?

காய்ச்சலுக்கோ காயத்துக்கோ மருத்துவமனைக்குச் செல்லும்போது, மது, புகையிலை, கஞ்சா போன்றவற்றைப் பயன்படுத்துகிறீர்களா என்று மருத்துவர் கேட்கக்கூடும். இது குற்றம் சுமத்துவதற்கான கேள்வி அன்று. இரத்த அழுத்தம் அளப்பதைப் போன்ற ஒரு பரிசோதனையே ஆகும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 5.8.2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அதன்கீழ் இரத்த அழுத்த மாத்திரை பெறுபவர்கள், தங்கள் மதுப் பழக்கத்தை மறைக்காமல் கூற வேண்டும். மாத்திரை உட்கொண்டும் அழுத்தம் குறையாமைக்கு மதுவும் காரணமாக இருக்கலாம். ஓசூர் ஆலைகளில் இரவுப் பணி முடித்துக் கெலமங்கலம் திரும்புவோரில் சிலர் உறக்கத்துக்காக மது அருந்தலாம். ஆனால் மது ஆழ்ந்த உறக்கத்தைக் கெடுக்கும்.

கேள்விகள் எவை?

உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' வினாப்பட்டியலில் 10 கேள்விகள் உள்ளன. மொத்த மதிப்பெண் 40.

- 7 வரை: ஆபத்து குறைவு.
- 8 முதல் 15 வரை: குடியைக் குறைக்க எளிய அறிவுரை.
- 16 முதல் 19 வரை: குறுகிய கால ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும்.
- 20 அல்லது அதற்கு மேல்: மனநல மருத்துவரின் மதிப்பீடு.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர், தமக்குப் புரியும் மொழியில் விளக்குமாறு கேட்கலாம்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரை அறையில் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்தச் செய்யாதீர்கள். கைநடுக்கம், வியர்வை ஆகியவை சில மணி நேரத்திலேயே தொடங்கலாம். வலிப்பு, மனக்குழப்பம், இல்லாதவை தெரிதல் ஆகியவை உயிருக்கு ஆபத்தானவை. உடனே 108ஐ அழையுங்கள். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பானது.

அவருக்குத் தெரியாமல் உணவில் மருந்து கலந்து கொடுக்காதீர்கள். சில மருந்துகள் மதுவுடன் சேரும்போது உயிரிழப்பும் நேரலாம்.

வேலைக்குப் பாதிப்பு வருமா?

இந்த அச்சத்தாலேயே பலர் உண்மையை மறைக்கின்றனர். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையை அளிக்கிறது. உங்கள் ஒப்புதலின்றி அவற்றைப் பணியிடத்துக்குத் தெரிவித்தல் கூடாது.

யாரை அணுகலாம்?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களைக் கட்டணமின்றி அழைக்கலாம். மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டாலும் சிகிச்சை தோற்றுவிட்டதாகப் பொருளன்று. தயங்காமல் திரும்பி வாருங்கள்.